கையில் எதைப் பிடிக்க?

எங்கள் ஊரில் பெரிய கமராவைக் கண்டால் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். போனை நீட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. கழுத்தில் பட்டி போட்டுத் தொங்குகிற கமரா என்றால்தான் இப்படி. போர் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து தர்மபுரத்துக்குள் அது வந்ததெல்லாம் உதவி கொடுக்கிறவர்களோடுதான். கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் மறுபக்கம், நடுவில் சாமான். இருவரும் அதைப் பிடித்தபடி, ஆளையாள் பார்க்காமல் கமராவைப் பார்க்க வேண்டும். படம் சரிவரவில்லை என்றால் கொடுத்த மண்வெட்டியைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுப்பார்கள்.

அம்மா இதில் நன்றாகத் தேறியவா. வீட்டுச் சுவரில் அவவின் படங்கள் இருக்கின்றன: கூரைத் தகரத்தோடு ஒன்று, தண்ணீர்ப் பம்போடு ஒன்று, ஆட்டுக்குட்டியோடு ஒன்று. அம்மா பவுடர் போட்டு நின்ற ஆட்டுக்குட்டிப் படம் ஒரு நிறுவனத்தின் கலண்டரில் வந்தது. அந்த வருசம் முடிந்து எத்தனையோ வருசமாகியும் கலண்டர் சுவரை விட்டு இறங்கவில்லை. அதற்கு முந்திய படங்கள், கலியாணப் படம் உட்பட, இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ போய்விட்டன.

கிளிநொச்சிச் சமுதாயக் கல்லூரியில் ஊடகமும் ஒளிப்படமும் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "படம் பிடிக்கிறதும் ஒரு படிப்போ?" என்று அம்மா கேட்டா. பிறகு மனமிரங்கி, "சரி, போ. பாஸ் பண்ணாட்டில் கார்மென்ட்ஸ் பஸ் எங்கட வாசலாலதான் போகுது. பேசாமல் ஏறு" என்றா. அந்த பஸ்ஸின் கோர்ன் சத்தத்தில்தான் நான் தினமும் கண்விழிப்பேன். என்னோடு படித்தவர்கள் பலர் அதில் ஏறி உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன்.

படிப்பு முடிக்கச் செய்து கொடுக்க வேண்டிய கடைசி ஒப்படை, வேலை செய்கிற ஒருவரின் படம். அது கல்லூரிக் கண்காட்சியில் தொங்கினால்தான் சான்றிதழ். கல்லூரிக் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊருக்குள் இறங்கினேன். கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி என்னைக் கண்டதும் எழும்பி ஓடினா. முகம் கழுவி, பவுடர் போட்டு, யாரோ கொடுத்த மருந்தடிக்கிற மெசினோடு திரும்பி வந்தா.

"பிள்ளை, மற்றக் கையில என்னத்தைப் பிடிக்க?"

"ஒண்டும் பிடிக்க வேண்டாம் மாமி. முந்திச் செய்த மாதிரியே புல்லைப் பிடுங்குங்கோ."

"அது என்ன படம்? தந்தவைக்குத் தெரிய வேண்டாமோ?"

அடுத்த வீட்டு ஐயா இன்னும் மேல். நிறுவனம் கட்டிக் கொடுத்த மலசலகூடத்தின் கதவில் கைவைத்து, மாப்பிள்ளை மாதிரி நின்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் காட்டினேன். எங்கள் மிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பற்றுச்சீட்டு. ஆள் எங்க?" என்று கேட்டா. வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், உள்ளே பற்றி எரிந்தது.

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் வந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவா, கமராவை உயர்த்தியதும் சுளகை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து நாடியை நிமிர்த்தினா.

"அம்மா, புடையுங்கோ."

"புடைச்சால் முகம் தெரியாதடி."

அதற்குப் பிறகு நான் கமராவைக் கழற்றவில்லை. பழகிவிட்டால் மறந்துவிடுவா என்று நினைத்தேன். அம்மாவோ தண்ணீர் அள்ளும்போதுகூட ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து நிமிர்ந்தா. கமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியது.

ஒரு மத்தியானம், "சோத்தைப் பார், அப்பா சாப்பிட வரப்போறார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டை மாற்றிக் கட்டப் போனா. குசினிக் கூரையின் ஓட்டையால் வெயில் இறங்கிப் புகைக்குள் கோடாக நின்றது. நான் அதைப் படம் எடுக்கத் தொடங்கினேன். சோறு அடிப்பிடித்த மணம் எனக்கு முதல் அம்மாவுக்குப் போயிருக்கிறது. ஓடிவந்து பானையை இறக்கி, அகப்பையை ஓங்கினா.

"உனக்கென்ன மூக்கும் அடைச்சுப்போச்சோ? மூண்டு பேற்ற சோத்தை எரிச்சுப்போட்டு என்னத்தையடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

பயத்தில் பின்னால் சாய்ந்தேன். விரல் தானாகக் கமராவின் பொத்தானை அமர்த்தியது.

படத்தில் அம்மாவின் கொண்டை அவிழ்ந்திருந்தது. அப்பாவின் பழைய சேட், கிழிந்த கை, திறந்த வாய், ஓங்கிய அகப்பையில் ஒட்டிய சோறு. கண் நேரே என்னைப் பார்த்தது. மிஸ் அதை நெடுநேரம் பார்த்தா. "இதுதான் ஆள்" என்றா. நான் துள்ள முதலே, "அம்மாவைக் கேட்டனீரோ? அவா ஓம் எண்டால்தான் மாட்டலாம்" என்றும் சொன்னா.

என்னிடம் வேறு படம் இல்லை. ஆட்டுக்குட்டியோடு நிற்கவே பவுடர் போட்ட மனுசியிடம், கிழிந்த சேட்டோடு கத்துகிற படத்துக்கு எப்படிச் சம்மதம் வாங்குவது? அச்சடித்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வழி முழுக்க வாதங்களைத் தயார்செய்தேன்.

அம்மா கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனா. ஒழுங்கையில் கார்மென்ட்ஸ் பஸ் வந்து நின்று, வேலை முடிந்த பெட்டைகள் இறங்கிப் போனார்கள். அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தா, மறுபடி படத்தைப் பார்த்தா. தயார்செய்த வாதமெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"உந்தச் சேட்டோடயோ சனத்துக்கு முன்னால மாட்டப் போறாய்?"

"ஓம் அம்மா. வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, மாட்டேல்ல."

"மாட்டு."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் தன்பாட்டில் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

அம்மா சுவரை நாடியால் காட்டினா.

"உதுகளில எல்லாம் ஆரோ தந்ததைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இதில கையில கிடக்கிறது என்ர அகப்பை."