நிபந்தனை மாணவனும் மர அடிக்கோலும்

மாணவன் வேலையும் மற்ற வேலைகளைப் போலத்தான்: மேலதிகாரி உண்டு, கெடு உண்டு, முதுகுவலி உண்டு, சம்பளம்தான் கிடையாது. நாற்பதைத் தாண்டிப் புத்தகப்பை தூக்கிய சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததா?

சேர்க்கைக் கடிதம்

சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் பத்திரங்களைச் சரிபார்த்தேன். அலுவலகத்தை மூடினார்கள்; மலேசியாவில் என் சொந்த ஊரான கோல சிலாங்கூருக்கே திரும்பி வந்தேன். பத்தொன்பது வயதில் சட்டம் படிக்க இடம் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் மட்டும் என்னோடு போய் என்னோடு திரும்பியிருந்தது. அனைத்துலக வணிகச் சட்ட முதுகலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

என் முதல் பட்டம் சட்டத்தில் இல்லை. அதனால் நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள்: முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறினாலும் இடம் போய்விடும். மனைவி சரோஜா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "என்னங்க, பொண்ணு குடுக்கும்போதுகூட எங்கப்பா உங்களுக்கு இவ்ளோ கண்டிஷன் போடலையே!"

குன்றின்மேல் வகுப்பு

வகுப்பு சனிக்கிழமை காலை, இணையத்தில். எங்கள் தாமான் குடியிருப்பில் இணைய லைன் பாதி வகுப்பில் செத்துவிடும். எனவே புக்கிட் மெலாவத்திக் குன்றேறி, ஒரு பெஞ்சில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். விரிவுரையாளர் டாக்டர் நோரா முதல் கேள்வியை என்னிடமே கேட்டார். நான் வாயைத் திறக்கவும், அந்தக் குன்றின் சாம்பல் நிறக் குரங்கு ஒன்று என் தோளில் ஏறி, ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

முப்பது முகங்கள் திரையில் சிரித்துக் குலுங்கின. நான் அசையாமல் பதிலைச் சொல்லி முடித்தேன். பதில் சரி. டாக்டர் நோரா கண்ணாடியை மேலேற்றிக் கேட்டார்: "உங்கள் கூட்டு வழக்கறிஞரும் நிபந்தனைச் சேர்க்கைதானா?"

முனியாண்டியின் விரிவுரை

சரக்கு வழியில் கெட்டால் நட்டம் யாருக்கு? கப்பலில் ஏறும்வரை விற்றவனுக்கு, ஏறிய பிறகு வாங்கியவனுக்கு என்பது ஒரு வகை ஒப்பந்தம். இதை விளக்க எண்பது பக்கம். படித்துக் குழம்பி, சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது முனியாண்டி வந்தான். தோட்டத்துப் பள்ளியில் என்னோடு படித்தவன். எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். "குலை லோரியில ஏறுற வரைக்கும் தோட்டத்துப் பாடு, ஏறிட்டா மில்லு பாடு. இதுல என்னடா குழப்பம்?" என்றான், நுரை பொங்கும் தே தாரேக் தேநீரை ஆற்றியபடி.

அடுத்த வாரத் தேர்வில் அந்தக் குலையையே உதாரணமாக எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ஓடிப்போய்ச் சொன்னேன். முனியாண்டி அசரவில்லை. "அப்ப சர்ட்டிபிகேட்ல என் பேரையும் போடச் சொல்லு லா."

தோற்கிற பக்கம்

பருவத்தின் கடைசிப் பாடம், மாதிரி வழக்கு; இதை மட்டும் பல்கலைக்கழகத்தில் நேரில் நடத்தினார்கள். இதில் தவறினால் இடம் காலி. கதை இதுதான்: விற்றவன் கெடுவுக்குள் சரக்கைக் கப்பலில் ஏற்றியதாகக் கப்பல் ரசீதைக் கொடுக்கிறான், வாங்கியவன் சார்பில் பணம் தரவேண்டிய வங்கியோ ஏற்றியது தாமதம் என்று மறுக்கிறது. ரசீதின் தலைப்பில் இருந்த தேதியோ கெடுவுக்குள்தான். விற்றவன் பக்கத்தை ரவாங் ஊரிலிருந்து வரும் இளம் வழக்கறிஞர் பிரியா எடுத்துக்கொண்டார். தோற்கிற வங்கி எனக்கு.

நான் பழைய மர அடிக்கோலை எடுத்தேன். "அங்கிள், கோடு போடப் போறீங்களா?" என்று பிரியா சிரித்தார். எங்கள் தொழிலில் பத்திரத்தைக் கீழேயிருந்து மேலே, வரிக்கு வரி அடிக்கோல் வைத்துத்தான் படிப்போம். மேலிருந்து படித்தால் கண் தான் நினைத்ததையே பார்த்துவிடும். இரண்டாவது வரியிலேயே கோல் நின்றது. ரசீதின் அடியில் மங்கலாக ஒரு முத்திரை: 'கப்பலில் ஏற்றப்பட்டது'. அதிலிருந்த தேதி, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து. முத்திரையில் தேதி இருந்தால் அதுவே ஏற்றிய தேதி என்பது விதி.

எழுந்து அந்த விதியைச் சொன்னேன். டாக்டர் நோரா பேனாவைக் கீழே வைத்தார். அந்த முத்திரையை ஒளித்து வைத்ததே அவர்தானாம், இதுவரை எந்த மாணவரும் கண்டுபிடித்ததில்லையாம். வங்கி வென்றது. வெளியே வந்ததும் பிரியா என்னை மறித்துக்கொண்டார். "அங்கிள், சீரியஸா கேக்கிறேன், அந்த அடிக்கோல் எந்தக் கடையில வாங்குனீங்க?"

இன்னொரு கடிதம்

முடிவு தபாலில் வந்தது. மேசையில் விரித்து, பழக்கப்படி அடியில் கோலை வைத்தேன். பதிவாளர் கையெழுத்து, பதவி, முகவரி என்று ஊர்ந்தேன். ஒரு வரியையும் தாண்ட மனம் வரவில்லை. பின்னால் நின்ற சரோஜா பொறுக்க மாட்டாமல் கடிதத்தைப் பிடுங்கினாள். "முதல் வரியிலேயே 'நிபந்தனை நீக்கப்பட்டது'ன்னு இருக்கு, நீங்க இன்னும் பதிவாளர் வீட்டு வாசல்லயே நிக்கிறீங்களே!"

கீழேயிருந்து மேலே படிப்பவனுக்கு நல்ல சேதி கடைசியில்தான் வரும், ஆனால் வந்துவிடும்.