குருவம்மாள் போட்ட வெல்லம்

செய்தி வந்தபோது நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கூடலூரிலிருந்து வந்த, கரியில் ஓடும் பஸ்ஸில் இறங்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தபடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். கொழுந்தன் அனுப்பிய ஆள். "உங்க ஓரகத்தி தவறிட்டாகம்மா. நாலு நாளாக் காய்ச்சல். இன்னைக்கு வெள்ளெனப் போயிட்டாக" என்றார். நான் கையைக் கழுவினேன். அடுப்பை அணைத்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் என் குழம்பை யார் குழம்போடும் ஒப்பிட்டுப் பேச மாட்டார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது. அழுகை பஸ்ஸில் ஏறிய பிறகு வந்தது.

அவள் போன இந்த முப்பது நாளும் சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லோரும் என் ஓரகத்தி குருவம்மாளின் கைப்பக்குவத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதீர்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் அவளோடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன்.

நான் கடமலைக்குண்டுக்காரி. எங்கள் பக்கம் கம்பும் சோளமும் மிளகாயும்தான். இனிப்பு என்றால் நல்ல நாளுக்கு, தனியாக. குழம்பு என்றால் உறைக்க வேண்டும், புளிக்க வேண்டும். பழனிசெட்டிபட்டியில் வாக்கப்பட்டு வந்த பிறகு ஐந்து வருஷம் என் குழம்பைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அப்புறம் கொழுந்தனுக்குக் கூடலூரில் பெண் எடுத்தார்கள். அவள் அப்பா வீட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவார்கள். சீரோடு ஒரு பானை வெல்லமும் வந்து இறங்கியது.

முதல் நாளே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்கும் நேரத்தில் சுண்டைக்காய் அளவு வெல்லத்தை அதில் போட்டாள். என் மாமியார் பார்த்துவிட்டார். "ஏத்தா, குழம்பு வைக்கியா, பாயாசம் வைக்கியா?"

"சாப்பிட்டுப் பாத்துட்டு ஏசுங்கத்தை" என்று சிரித்தாள்.

மாமனார் அன்றைக்கு இரண்டாம் தரம் களி வாங்கினார். "இன்னைக்குக் குழம்பு யாரு வச்சது?" என்று கேட்டார். ஐந்து வருஷத்தில் என் குழம்பை யார் வைத்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"குழம்பு இனிக்குதுடி" என்று அவளிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "இனிப்பு தெரியக் கூடாதுக்கா. புளியும் மிளகாயும் சண்டை போடாம நடுவுல உக்கார வைக்கிறதுதான்" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு வயலுக்குக் கம்மங்கூழ் போகும். தொட்டுக்கொள்ள நான் மோர்மிளகாய் வைப்பேன். ஒரு நாள் அவள் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாயும் வெல்லமும் போட்டுச் சுண்ட வைத்து, இலையில் மடித்துக் கலயத்தின் மேல் வைத்தாள். சாயங்காலம் கலயம் திரும்பி வந்தது. இலையை வழித்திருந்தார். மோர்மிளகாய் அப்படியே கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "உறைக்குது" என்றார். ஐந்து வருஷமாக உறைக்காத மிளகாய் அன்றைக்கு அவருக்கு உறைத்தது.

மறுநாள் வெல்லப் பானையைத் தூக்கி நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் அடுக்களை முழுக்கத் தேடினாள். சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு, சிறு தீயில் வெகுநேரம் சிவக்கச் சிவக்க வதக்கினாள். அன்றைய குழம்பு முந்தின நாளைக் காட்டிலும் நன்றாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வெங்காயத்துக்குள்ளயும் இனிப்பு இருக்குக்கா. அதை எங்கன கொண்டு போய் ஒளிப்பீக?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிடக் கூடாது என்று எழுந்து போய்விட்டேன்.

மாமனாரும் புருஷனும் அவள் பக்கம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகள் பொன்னுத்தாயும் அவள் பக்கம் போனாள். குருவம்மாளுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வயதிலிருந்து என் மகள் சின்னாத்தா கையால்தான் சாப்பிடுவாள். நான் உருட்டிக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வாள்.

பொன்னுத்தாய் பெரிய மனுஷி ஆனாள். என் அண்ணன் வந்து முற்றத்தில் பச்சை ஓலையில் குச்சில் கட்டினார். அவளை அதில் உட்கார வைத்தார்கள். பதினாறு நாளும் அவளுக்கு உளுந்தங்களி. முதல் நாள் குருவம்மாள்தான் கிண்டினாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டதோடு இரண்டு கல் உப்பையும் போட்டாள். "உப்பு இல்லாத இனிப்பு நாக்குல நிக்காதுக்கா, வழுக்கிட்டுப் போயிரும்" என்றாள். பிள்ளை வழித்துச் சாப்பிட்டது.

இரண்டாம் நாள் அவள் களி கிண்டும் துடுப்பைக் கையில் எடுத்தாள். வீடு நிறையச் சொந்தக்காரப் பெண்கள். எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: "பிள்ளை பெத்த கை கிண்டட்டும். நீ தள்ளு."

அவள் துடுப்பை என்னிடம் கொடுத்தாள். "சரிக்கா" என்றாள். எங்கள் மாமியார் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் கிண்டியதை என் மகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தள்ளினாள். "திகட்டுது ஆத்தா" என்றாள். மறுநாளும் அப்படியே. உப்புப் போட்டிருந்தால் தின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். போட்டால் அது குருவம்மாளின் களி ஆகிவிடும். அதனால் போடவில்லை. நாலாம் நாள் பிள்ளை முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. பதினாறாம் நாள் வரைக்கும் அப்படித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெத்தவ கைக்கு இருக்கிற ருசி வேற" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். குருவம்மாளின் முன்னாலேயே சொன்னேன். அவள், "ஆமக்கா" என்றாள். மறு வருஷம் அவளும் கொழுந்தனும் கூடலூருக்கே குடி போய்விட்டார்கள்.

அவள் செத்த அன்றைக்குக் கூடலூரில் அவளை எடுத்துப் போன பிறகு நாங்கள் தலை முழுகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். "பொன்னுத்தாயி சின்னாத்தா கைச்சோத்துல வளந்த பிள்ளை" என்று ஒரு கிழவி சொன்னார். அந்த வீட்டில், அந்த நேரத்திலும் எனக்குப் பொறுக்கவில்லை. "சடங்குக்கு என் கைக் களியத்தான் தின்னா" என்றேன்.

என் மகள் என்னைப் பார்த்தாள். "குடிக்கத் தண்ணி கொண்டாற சாக்குல சின்னாத்தா குச்சிலுக்கு வருவாக. முந்தியில முடிஞ்சிருக்கிற உப்புல ரெண்டு கல்லு எடுத்து என் கையில வைப்பாக. 'இதை வாயில ஒதுக்கிக்கிட்டு ஆத்தா களியத் தின்னுரு. மிச்சம் வைக்காதே, அக்கா மனசு சங்கடப்படும்'னு சொல்லுவாக."

"இம்புட்டு வருசமா ஏன்டி சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாக. சொல்லக் கூடாதுன்ன ஆளே போயிட்டாகளே."

எனக்கென்று நான் வைத்திருந்தது அந்தச் சடங்குக் களி ஒன்றுதான். அதுவும் அவளுடையது. அன்றிலிருந்து பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். கூடத்தான் செய்தது. என்னைவிட நன்றாகச் சமைத்தாள், பொறுத்துக்கொண்டேன். நான் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லுக்கு அவள் செய்தது இது. அதற்கு என்னால் என்றைக்கும் ஈடு கட்ட முடியாது.

அவள் போன பதினாறாம் நாள் படையலுக்கு நான் உளுந்தங்களி கிண்டினேன். "கருமாதிக்கு யாராச்சும் உளுந்தங்களி வைப்பாகளா" என்று கேட்டார்கள். வைத்தேன். இரண்டு கல் உப்புப் போட்டேன். கொழுந்தன் ஒரு வாய் எடுத்து வைத்தார். "மதினி, இது அவ கைப்பக்குவம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான்தான் கிண்டினேன் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா தம்பி" என்றேன்.

அவளுடைய பாத்திரம் பண்டம், சேலை எதையும் நான் எடுத்துவரவில்லை. என் முந்தியில் இப்போது கொஞ்சம் கல் உப்பு முடிந்திருக்கிறது. பொன்னுத்தாயின் மூத்த மகளுக்குப் பத்து வயது. அவளுக்குக் களி கிண்டும் நாளில் உப்பைப் போடுவேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று நாலு பேர் கேட்பார்கள். அப்போது என் வாய் தடுக்கக் கூடாது. இப்போதிருந்தே சொல்லிப் பழகுகிறேன்: கூடலூர்க் குருவம்மாள்.