ரோஜாவின் இரண்டு வயது

ரோஜாவுக்கு வயது இரண்டு உண்டு. சொல்லும் வயது இருபத்தொன்பது, எழுதும் வயது முப்பத்தொன்று. வெம்பக்கோட்டைப் பக்கம் இதையெல்லாம் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. பதினெட்டு முடிந்தால்தான் பட்டாசுக் கம்பெனியில் ஆள் எடுப்பார்கள். அதனால் அப்பா சீனிச்சாமி மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், ஐந்து முடிந்துவிட்டது என்று வாத்தியாரிடம் அடித்துச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? எழுதிக்கொண்டார்.

நிஜமான பதினாறில் ரோஜா கம்பெனிக்குப் போனாள். சரவெடிக்கு லேபிள் ஒட்டினாள். லேபிளில் இருந்த இங்கிலீஷையெல்லாம் ஒட்டிக்கொண்டே படித்தாள். இரண்டு வருஷச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக் கல்லூரியில் இங்கிலீஷே எடுத்தாள். இப்போது சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர்.

போன தை மாதம் வியட்நாமில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். வீடியோ காலில் நேர்காணல். அந்தப் பள்ளியில் முப்பது தாண்டாதவர்களைத்தான் எடுப்பார்களாம். வயது கேட்டார்கள், இவள் யோசிக்காமல் இருபத்தொன்பது என்றாள். வாயால் கேட்டால் நிஜ வயதைச் சொல்லித்தான் நம் சனத்துக்குப் பழக்கம். பிடித்துப்போய் வகுப்பறைப் படம்கூட அனுப்பினார்கள். மஞ்சள் சுவர், சின்னச் சின்ன நாற்காலிகள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். ஒரு நாளைக்கு இருபது தடவை அதைத் திறந்து பார்த்தாள். போனில் அந்த ஊர்க் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டாள். இங்கே சோறு வடிக்கும்போது அங்கே பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலை விசாவுக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்பியதும் பிடித்துக்கொண்டார்கள். அதில் முப்பத்தொன்று.

அன்றைக்கு அப்பாவிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "ஏம்ப்பா வயசக் கூட்டிப் போட்டீக?"

சீனிச்சாமி தரையைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு வருஷம் முந்திச் சம்பளம் வரும்னு நெனச்சேன் தாயி. நீ இம்புட்டுத் தூரம் போவேன்னு அப்பத் தெரியலயே."

அந்தச் சம்பளத்தில்தானே இவள் படித்தாள்? மேற்கொண்டு யாரைத் திட்டுவது? வீட்டில் பிறந்த பிள்ளை, நிஜ வயதைக் காட்டப் பிறப்புப் பதிவும் கிடையாது.

சாத்தூர் ஸ்டேஷனைத் தாண்டாத மனுஷன் மறுநாள் கேட்டார். "நா வேணா அங்கன வந்து சொல்லட்டுமா? பெத்தவன் சொன்னா நம்ப மாட்டாகளா?"

"சொல்லுங்கப்பா, எழுதி அனுப்புறேன்."

அவர் சொல்லச் சொல்ல அவளே இங்கிலீஷில் எழுதினாள். 'என் மகளுக்கு இருபத்தொன்பதுதான். தப்பு என்னுடையது.' அடியில் அவர் கைநாட்டு வைத்தார்.

நான்காம் நாள் பதில் வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள வயதுதான் கணக்கு, வருந்துகிறோம் என்று இரண்டே வரி. ரோஜா அதை யாரிடமும் காட்டவில்லை.

ஒரு மாதமாகிவிட்டது. தினமும் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது சீனிச்சாமி வாசலில் வந்து நிற்பார்.

"பதில் வந்துச்சா தாயி?"

"இன்னும் வரலப்பா."

"வரும். அங்கன இப்ப மணி எம்புட்டு?"

போனைப் பார்க்காமலே சொல்வாள். "எட்டரைப்பா. பெல் அடிச்சிருப்பாக."