ஆமையின் முறை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில். நான் குடிப்பதில்லை. தூங்கவும் இல்லை, கையில் சூடான மெழுகுக் கத்தி இருந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் என் மச்சானைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் என்னை மாட்டிவிட்டதே அந்த மனுஷன்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மெயிலில் ஓர் ஆட்டம் நடத்துகிறார். ஆளுக்கொரு பாத்திரம். மச்சான் ஒரு காட்சியை எழுதி எல்லோருக்கும் அனுப்புவார்: சுரங்கம், இருட்டு, தண்ணீர் ஏறுகிறது. நம் முறை வரும்போது, நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாலு வரி எழுதி, எல்லோருக்கும் போகும்படி பதில் போட வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தை நாம் அசைக்கக் கூடாது. ஒருவர் முடிக்காமல் இன்னொருவர் எழுதக் கூடாது. முடித்ததற்கு அடையாளமாகக் கடைசியில் 'வர்றேன்' என்று போட வேண்டும். ஆட்டத்தை விட்டே விலகுகிறவர்தான் 'போறேன்' என்று எழுதலாம்.

"நம்ம வீட்டுல யாராவது 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்புவாங்களா மாப்ள? அதான் அப்படி வெச்சேன்" என்று மச்சானுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

மூன்று பேர் ஆடினோம். நான், ஒரு மருந்துக்கடைக்காரர், அப்புறம் ஆமை. ஆமை நான் வைத்த பெயர். அவர் எப்படி இருப்பார், என்ன வேலை பார்க்கிறார், எங்களுக்குத் தெரியாது. மெயிலிலேயே வந்து சேர்ந்தவர். நாலு வரி எழுத நாலு நாள் எடுத்துக்கொள்வார். கேட்டால், "வேலை சார். ரெண்டு கையும் மாட்டிக்கிட்டிருக்கும்" என்பார். எங்கள் கையெல்லாம் மட்டும் சும்மாவா இருக்கிறது?

நான் ஒரு விளக்குக்காரனை இரண்டு வருஷமாக வளர்த்து வைத்திருந்தேன். அவன் சுரங்கத்துக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே தண்ணீர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார்? ஆமையின் ஆள்! "இழுக்கிறேன்" என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் போதும், என் ஆள் பிழைத்துக்கொள்வான். ஒரு வாரமாகப் பேச்சு மூச்சே இல்லை. தினமும் மெயில் போட்டேன். முதலில் "சார்", அப்புறம் "ஐயா", கடைசியில் "யோவ்". ம்ஹூம். சனிக்கிழமை ஆறு மணிக்குள் பதில் வராவிட்டால் கயிறு நழுவியதாக எழுதிவிடுவேன் என்று மச்சான் சொல்லிவிட்டார். சட்டமாம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை லேபில் நான் மட்டும்தான். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற லேப், மூன்றாவது மாடி. திங்கட்கிழமை காலையில் ஒரு வாத்தியாருக்கு மேல் வரிசை கொடுத்தாக வேண்டும். மெழுகில் பல்லைப் பதிப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். முன்பல் இரண்டு தடவை கோணிக்கொண்டது. எல்லாம் அந்த ஆமையால்.

ஐந்து இருபதுக்கு 'டிங்' என்றது. ஆமை!

"கயித்தைப் பிடி. மேல இழு. வர்றேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வாரம் உயிரை வாங்கிவிட்டு, வந்தும் வராததுமாகத் தப்பாட்டம். "சார், தொங்கறது நான். மேல நிக்கறது நீங்க. இழுக்க வேண்டியதும் நீங்கதான். பழசையெல்லாம் படிச்சுட்டு எழுதுங்க" என்று பதில் போட்டேன்.

டிங்.

"நான்தான் தொங்கறேன். பிடி. வர்றேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"உங்க ஆமைக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. மெயிலைப் பாத்தீங்களா?"

"எந்த மெயில்?"

"இப்ப ரெண்டு வந்துச்சே. எல்லாருக்கும்தானே போட்டிருக்காரு."

"எனக்கு ஒண்ணும் வரல மாப்ள. உன் பதில் மட்டும்தான் வந்துச்சு. நீ யாருகிட்ட பேசிட்டிருக்க?"

அவருடைய நெட்டைத் திட்டிவிட்டு வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கீச்...

ஈரக் கண்ணாடியில் ரப்பரை இழுத்தால் வருமே, அது. ஜன்னல் பக்கம் இருந்து வந்தது. எங்கள் ஜன்னல் திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி. வெளியே கால் வைக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. வெளிப்பக்கத் தூசியை யாரும் துடைத்ததே இல்லை.

அந்தத் தூசியில் ஒரு பட்டை மட்டும் சுத்தமாக இருந்தது. மேலிருந்து கீழாக. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மழை இல்லை.

டிங். "மேல யாரு? வர்றேன்."

கீச்... இரண்டாவது பட்டை. என் கண் முன்னால் விழுந்தது. அதன் வழியாக வானம் தெரிந்தது. ஆள் இல்லை. கயிறு இல்லை.



டிங். "கை வழுக்குது."

இதில் 'வர்றேன்' இல்லை. அப்படியானால் முறை இன்னும் முடியவில்லை...

கீச்... கீச்...

பிறகு, 'பட்'.

கண்ணாடியில் ஓர் உள்ளங்கை. ஈரம். விரல்கள் மட்டும் வெளுத்து அழுந்தியிருந்தன. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

மெல்லக் கீழே வழுக்கியது.

மறுபடி மேலே வந்து ஒட்டியது.

பட்.

 போனை எடுத்து எழுதினேன். "ஐயா, கோபத்துல ஏதேதோ எழுதிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. ஆட்டம் போதும். நல்லபடியா போயிட்டு வாங்க."

சத்தம் நின்றது.

கை இல்லை.

ஆறு மணி. டிங்.

"சரி. வர்றேன்."

மெழுகு உருக்குகிற அடுப்பை அணைத்தேனா என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. வாத்தியார் பல்லை அப்படியே போட்டுவிட்டுப் படியில் ஓடினேன்.

மறுநாள் மச்சான் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"மாப்ள, ஆமை சேரும்போது ஒரு வீட்டு நம்பர் கொடுத்திருந்தாரு. பண்ணிப் பாத்தேன். அவரு வீட்டம்மா எடுத்தாங்க."

"என்னவாம்?"

"உசரமான கட்டடத்துல கயித்துல தொங்கி, வெளிப்பக்கம் கண்ணாடி துடைக்கிற வேலையாம். போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கயிறு நழுவிடுச்சாம். மேல நிக்க வேண்டிய ஆள் எங்கயோ போயிட்டானாம். இவரு தொங்கிட்டே, 'பிடி, இழு'னு ரொம்ப நேரம் கத்தியிருக்காரு..."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"ஆறு மணிக்கு விழுந்தாராம். போனும் அவரோடயே சுக்குநூறாயிடுச்சாம்." அப்புறம் மச்சான் கேட்டார். "நேத்து நீ அவருக்குக் கடைசியா ஒண்ணு போட்டியே, எனக்கும் வந்துச்சு. ஏன் மாப்ள அப்படி எழுதின?"

ஏன் என்று என்ன சொல்ல? பழக்கதோஷம். 'போங்க' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசல் வரை வந்து அனுப்புகிற மாதிரி 'போயிட்டு வாங்க' என்று எழுதித் தொலைத்தேன். அவரும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆட்டத்தை அன்றோடு மச்சான் நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் நான் லேபுக்குப் போவதில்லை. முதலாளி திட்டினால் திட்டட்டும் என்று வீட்டிலேயே இருக்கிறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி படுக்கையறையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த ஜன்னலை வெளிப்பக்கம் எப்படித் துடைச்சீங்க? பளபளன்னு இருக்கே!"

நாங்கள் குடியிருப்பது ஐந்தாவது மாடி.