நம்பர் துணி கிடைக்காத ஓட்டம்

கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கொடுத்த தேயிலைச் செடிகளை வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். நான் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் முடித்துவிடுவேன். கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு ரெண்டு ரொட்டி தின்பேன். பிறகு ஓடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். தலவாக்கலை டவுனில் ஒரு விளையாட்டுக் கழகம் மலையோட்டம் வைப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பட்டிப்பொல ஸ்டேசனில் தொடங்கி, ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, காட்டுப்பாதையில் டயகமவுக்கு இறங்கி, அக்கரப்பத்தனை வழியாகத் தலவாக்கலை வந்து சேர வேண்டும். முப்பது மைலுக்கு மேலே. ஒரே நாளில். யாரும் சேரலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை ரெண்டு தடவை படித்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். படிவத்தை நானே நிரப்பினேன். பேர், வயது, விலாசம். பிறகு, அடையாள அட்டை இலக்கம் என்று ஒரு கட்டம். என்னிடம் அடையாள அட்டை இல்லை. ஆனால் ஒரு நம்பர் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது அந்த நம்பரில்தான் அடையாளம் போடுவார்கள். அரிசி, மாவு, ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும் துண்டு எல்லாம் அதில்தான். அதுதான் தோட்டத்துச் செக்ரோல் நம்பர். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று அதை எழுதினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் நிரப்பியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

படிவத்தைத் தபாலில் போட்டேன். மறுநாளே பழக ஆரம்பித்தேன்.

லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறிக் காட்டில் முட்டும். ஆட்கள் வேலைக்கு ஏறும் குறுக்குப்பாதையில் ஏறினேன். முதல் வாரம் பாதி மலையில் வாந்தி எடுத்தேன். மூன்றாம் வாரம் காடு வரை போய்த் திரும்பினேன். ஏறுவதற்கு நெஞ்சு போதும். இறங்குவதற்கு முட்டி வேண்டும். அதனால் இறங்கத்தான் அதிகம் பழகினேன். கவ்வாத்து வெட்டிய கொப்புகள் ஈட்டி மாதிரி நிற்கும். ஒருநாள் விழுந்து தொடை கிழிந்தது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு ரெண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் ஓடினேன். சில நாள் கவ்வாத்தில் விழுந்த மிலாறுக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன். வீட்டுக்கு விறகும் ஆச்சு.

சம்சாரம் ஒருநாள் கேட்டாள். "ஏங்க, காலையில மலையில வெட்டுறீங்க. மத்தியானம் மலையில ஓடுறீங்க. மலை என்னா ஒங்களுக்கு மச்சினியா?"

"இன்னொரு ரொட்டி போடு" என்றேன்.

கங்காணி வழியில் பார்த்தால் விடமாட்டார். "யாருப்பா ஒன்ன வெரட்டுறது? கடங்காரனா, பேயா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்ப நில்லுப்பா. பாக்குற எங்களுக்கு மூச்சு வாங்குது."

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரைக் கண்டாக்கையா என்போம். அவர் அதைப் பிரித்துப் பெரட்டில் எல்லார் முன்னாலும் வாசித்தார். அடையாள அட்டை இலக்கம் பிழை, அட்டையோடு நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க முடியாது.

"பாருங்கப்பா, செக்ரோல் நம்பர எழுதி அனுப்பியிருக்கான். ஒலகமே தோட்டம்னு நெனச்சுக்கிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களிலும் முக்கால்வாசிப் பேரிடம் அட்டை இல்லை.

"ஐடென்டி காட் இருக்காடா ஒனக்கு?"

"இல்லீங்க."

"பெறகு எத வச்சுக்கிட்டு ஓடப் போற?"

"கால வச்சுக்கிட்டுங்க."

அன்று எனக்கு செடி நெருக்கமாக நிற்கும் இடத்தை வெட்டக் கொடுத்தார். ஒரு மணிக்கு முடித்தேன். ஓடினேன்.

நான் பிறந்தது அந்த லயத்தில். அப்பா பிறந்ததும் அங்கேதான். ஆனால் எங்களுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. அப்பா மனுப் போட்டார். அவர் செத்துப் பல வருசமாகியும் பதில் இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அட்டை கிடையாது. இதில் அழ ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்க் கழகத்துச் செயலாளரைப் பார்த்தேன். சிங்களவர். தமிழ் பேசுவார். கதிரையில் உட்காரச் சொன்னார். கெட்ட மனுசன் இல்லை.

"காட் இல்லாட்டி நெஞ்சுல குத்துற நம்பர் துணி இல்ல தம்பி. நான் போட்ட சட்டம் இல்ல."

"நம்பர் இல்லாம ஓடுனா?"

"ரோட்ல யாரும் ஓடலாம். நாங்க பேர் எழுத மாட்டோம். வழியில தண்ணி குடுக்க மாட்டோம்."

"அவ்வளவுதானே மாத்தயா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவுதான்" என்றார்.

தண்ணிக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. டயகமவில் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அடுத்த ஞாயிறு அங்கே போனேன். காட்டுப்பாதை முடியும் இடத்தில் மச்சான் சாயத்தண்ணியோடு, பால் இல்லாத தேத்தண்ணியோடு, நிற்க வேண்டும், லயத்துப் பக்கம் வரும்போது தங்கச்சி ரொட்டி தர வேண்டும் என்று பேசி வைத்தேன்.

"நீ ஓடுனா எங்களுக்கு என்னாண்ணே கெடைக்கும்?" என்றாள்.

"சாயத்தண்ணி ஊத்துற வேல கெடைக்கும்."

"அது தெனமும்தான் கெடைக்குது."

கடைசி ஞாயிறு பட்டிப்பொலயிலிருந்து டயகம வரை தனியாக ஓடிப் பார்த்தேன். சமவெளியில் மூடுபனி. பாதை தப்பி ஒரு மணி நேரம் சுற்றினேன். மரைமான் கூட்டம் ஒன்று நின்று என்னைப் பார்த்தது. ஓடைத் தண்ணி பல்லைக் கூசவைத்தது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். சப்பாத்தின் அடி பிரிந்தது. சாக்கு ஊசியால் தைத்தேன்.

ஓட்டத்தன்று காலை ரயிலில் பட்டிப்பொலயில் இறங்கினேன். நாற்பது பேர் இருக்கும். எல்லார் நெஞ்சிலும் நம்பர் துணி. செயலாளர் என்னைக் கண்டும் தடுக்கவில்லை. கொடி பிடித்திருந்தவர்தான் விரட்டினார். கோட்டுக்கு உள்ளே நிற்காதே என்றார். மூன்று அடி பின்னால் போய் நின்றேன். விசில் எனக்கும் கேட்டது.

ஏற்றத்தில் பலர் வேகமாகப் போனார்கள். விட்டுவிட்டேன். டயகம இறக்கத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். காட்டு ஓரத்தில் மச்சான் போத்தலோடு நின்றார். லயத்துக் கிட்டே தங்கச்சியும் நாலைந்து பொம்பளைகளும் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். "நம்பரு இல்லாத மாப்பிள்ளை வாராரு, வழிய விடுங்கடி" என்றாள் ஒருத்தி. ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே ஓடினேன். அக்கரப்பத்தனைக்குப் பிறகு ரெண்டு காலும் என்னுடையது மாதிரி இல்லை. அப்படியும் நிற்கவில்லை.

தலவாக்கலையில் மேசை போட்டு ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் பதினொரு பேர் வந்து தரையில் கிடந்தார்கள். நானே எண்ணினேன். மேசைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார். எழுதவில்லை.

எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார். மேசைக்காரர் "பன்னிரண்டு" என்று எழுதப் போனார்.

"பதிமூணு" என்றேன்.

"என்ன?"

"இவரு பதிமூணு. பன்னெண்டு நான்."

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ரோட்டைப் பார்த்தார். தாளில் பன்னிரண்டு என்றுதான் எழுதினார்கள். நான் மேசைப் பக்கத்திலேயே நின்றேன். அடுத்தவர் வந்ததும் "பதினாலு" என்றேன். உரக்கச் சொன்னேன். கடைத்தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்தவருக்குப் பதினைந்து. போகச் சொன்னார்கள். போகவில்லை. ரோட்டில் யாரும் நிற்கலாம். மேசையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆள் நொண்டிக்கொண்டு வந்து சேரும் வரை ஒவ்வொருவருக்கும் சரியான கணக்கைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பூண்டுலோயா பஸ் ஏறினேன்.