பிந்தி வரும் சிரிப்பு

கிருஷ்ணகுமாரி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாள். நாடக மேடையில் ஒருவன் சிங்களத்தில் சொல்லி மூச்சு விடுவதற்குள், அது அவள் விரல்களுக்கு நடுவே தமிழாகி, பின்வரிசையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குப் போய்விடுகிறது. பாங்கு, பொலிஸ், கிளினிக், எங்கே போனாலும் இவள்தான் அவர்களுக்கு வாய். சின்ன வயதில் மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனவள். பாஷையோடு திரும்பி வந்தாள்.

கேட்டதைக் கேட்டபடி சொல்வாள். சர்க்கரை தடவத் தெரியாது. கிளினிக்கில் டாக்டர் சொன்னதை ஒருத்திக்கு இப்படித்தான் சொன்னாள்: "ஒனக்கு ரத்தம் பத்தாதாம். சாப்பிடாம வேலைக்குப் போறியான்னு கேக்குறாரு. ஆமான்னு சொல்லவா, பொய் சொல்லவா?"

அந்த வாய்தான் அண்ணி இலட்சுமிக்கு ஆகாமல் போனது. போன வருடம் அண்ணன் ஏழுமலையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். இலட்சுமி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சாம், அண்ணி." வேறு எப்படிச் சொல்வது? அன்றைக்கு நின்றது பேச்சு. ஒரே லயத்து வரிசை வீடுகள், அடுத்தடுத்த காம்பிரா அறைகள். ஒரு வீட்டு அடுப்புப் புகை மறுவீட்டுக்குப் போய்வருகிறது, அவ்வளவுதான் போக்குவரத்து.

பலாங்கொடை மண்டபத்துக்குக் கொழும்பிலிருந்து சிங்களச் சிரிப்பு நாடகம் வந்திருக்கிறது. பகல் காட்சி. மழையில் பஸ் பிந்தியதால் கடைசியாக வந்த இலட்சுமிக்குக் கிடைத்தது கிருஷ்ணகுமாரியின் பக்கத்து நாற்காலி. சிங்களம் அவளுக்குக் கடையில் பருப்பு வாங்கும் அளவுக்குத்தான். மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாள்.

பக்கக் கதவால் கொஞ்சம் பனி உள்ளே வந்து, மேடை வெளிச்சத்தில் மஞ்சளாகி, போகிற வழி தெரியாமல் நிற்கிறது. அந்தப் பனிக்குள் நாடகத்து ஆட்கள் தூக்கத்தில் நடப்பவர்கள் போல நடக்கிறார்கள். மாமியார் செத்துவிட்டதாகப் பொய் சொல்லி லீவு எடுத்தவனைத் தேடி, அந்த மாமியாரே அவன் வேலை செய்யும் கந்தோருக்கு வந்து நிற்கிறாள்.

மண்டபம் சிரிக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் பின்வரிசை சிரிக்கிறது, மழை மேல்மலையில் இறங்கிவிட்டு லயத்துத் தகரக் கூரைக்கு வருவது போல. மேடையில் லீவு கொடுத்த கந்தோர்த் துரையாக வேஷம் கட்டியவன் இதைக் கண்டுகொண்டான். ஒவ்வொரு பேச்சுக்கும் கையைத் தூக்கியபடி, இரண்டாவது சிரிப்பு வந்து சேரும்வரை நிற்கிறான்.

முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, பேச வேண்டாம் என்று சிங்களத்தில் அதட்டுகிறார். கிருஷ்ணகுமாரி அடங்கிப் போகிறாள். கோபமில்லை; வருத்தம்தான். சிரிக்கிற சேதி கொண்டுவர இந்த வாய்க்குக் கிடைத்ததே இன்றைக்குத்தான். அண்ணியின் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

துரை மாமியாரிடம் ஏதோ சொல்கிறான். மண்டபம் அதிர்கிறது. பின்வரிசை மட்டும் சும்மா இருக்கிறது. தூக்கிய கையோடு அவன் இருட்டைப் பார்த்து நிற்கிறான்.

"என்னாடி, வாயில கொழுக்கட்டையா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து விஜயகலா இடிக்கிறாள்.

"அந்தாளு மொறைக்கிறாருடி."

"மொறைச்சா மொறைக்கட்டும். நாம என்ன, அவரு மடியிலயா ஒக்காந்திருக்கோம்?"

அப்போது இந்தப் பக்கத்திலிருந்து, முகம் திரும்பாமல், ஒரு குரல்.

"என்னவாம்?"

கிருஷ்ணகுமாரி அந்தப் பக்கம் திரும்புகிறாள். ஒரு வருடம் கழித்து அண்ணி கேட்டிருக்கிறாள். சொல்ல வேண்டியதோ மறுபடியும் சாவு. மாற்றிச் சொல்லலாம். அவளுக்கு அது வராது.

"'அம்மா, நான் ஒங்க எழவு வீட்டுக்கு வந்தேன். சோறு நல்லா இருந்துச்சு'ங்கிறான், அண்ணி."

இலட்சுமி அசையவில்லை. பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம். தோள் குலுங்குகிறது. முந்தானையை வாயில் அடைத்தும் அது அடங்கவில்லை; கண்ணிலிருந்து வழிகிறது. வரிசை நெடுக விஷயம் போய்ச் சேர, பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். மேடையில் துரை கையை இறக்கி, அடுத்த பேச்சைத் தொடங்குகிறான்.

முன்னால் இருந்தவர் மறுபடி திரும்பிப் பார்க்கிறார். இலட்சுமி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, தலையை நாத்தனார் பக்கம் சாய்த்துக் கொடுக்கிறாள்.