தூளியில் போன கண்ணாடி மான்

எங்கள் மாமா எதை வேண்டுமானாலும் செய்துவிடுவார். செய்ததை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான் அவருக்குத் தெரியாது. கிண்டியில் கல்லூரிகளுக்குச் சோதனைக் குழாய் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே மிஞ்சும் கண்ணாடிக் குழாய்த் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணூர் வீட்டின் கொல்லைப்புறம் உட்கார்ந்து, காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே, அவற்றை நீலத் தீயில் காட்டி இழுத்து இழுத்து மான், அன்னம், பாய்மரக் கப்பல் என்று செய்வார். மானின் கால் ஊதுவத்திக் குச்சி பருமன்தான் இருக்கும். கொம்பு அதைவிட மெல்லிசு. பக்கத்தில் நின்று தும்மினால்கூடத் திட்டுவார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. அவருக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "புள்ளைங்க இல்லாத வூடு, அதான் கண்ணாடி பொழைச்சிக் கெடக்குது" என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அத்தையும் கூடச் சிரிப்பாள். அவள் சிரித்ததால் நானும் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தின வருஷம் மெட்ராஸில் ஒரு கைத்தொழில் பொருட்காட்சிக்கு மாமாவின் சாமான்களைக் கேட்டிருந்தார்கள். மாமா மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து, உள்ளே எல்லாவற்றையும் அடுக்கி, பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு போனார். போய்த் திறந்தால் வைக்கோலில் கல்கண்டைக் கொட்டிவைத்த மாதிரி இருந்ததாம். கால் போன மான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த அங்கிருந்த அதிகாரி, "இது என்னப்பா, மூஞ்சூறா?" என்று கேட்டாராம். மூஞ்சூறுக்கும் கால் உண்டே என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை என மாமா பல நாள் வீட்டில் ஆதங்கப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த அதிகாரி நல்ல மனுஷர். அடுத்த வருஷம் இன்னொரு தடவை பார்க்கலாம், எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தால் ஒரு மேஜை உனக்கு, இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஒரு மேஜைக்காக மாமா வருஷம் பூராவும் படாத பாடு பட்டார். ஊரில் ப்யூஸ் போன பல்பு எதுவும் குப்பைக்குப் போகவில்லை. எல்லாம் மாமா வீட்டுக்கு வந்தது. அவற்றைப் பெட்டியில் உமி கொட்டிப் புதைத்து, பக்கத்து வீட்டுக் கூண்டுவண்டியில் ஏற்றி, கல்லும் பள்ளமுமான பாதையில் ஓட்டிப் பார்ப்பார். உமியில் வைத்ததும் உடைந்தது, மரத்தூளில் வைத்ததும் உடைந்தது. கடைசியில் வண்டிக்காரர், "வோணாம்பா, மாடு மிரளுது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வழி பிறந்தது எங்கள் வீட்டில்தான். என் தம்பி அப்போது கைக்குழந்தை. உத்தரத்தில் அம்மாவின் பழைய நூல்புடவையில் அவனுக்குத் தூளி கட்டியிருந்தது. ஒருநாள் மாமா வந்திருந்தபோது நான் ஓடிவந்து அந்தத் தூளியில் நன்றாக மோதிக்கொண்டேன். தூளி இப்படியும் அப்படியும் போய்வந்ததே தவிர, உள்ளே இருந்தவன் தூக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. மாமா மட்டும் தூளியையே பார்த்துக்கொண்டு, "கீழ வெச்சாத்தானே குலுங்கும்? தொங்கவுட்டா?" என்றார்.

வண்டிக்காரரை மறுபடி தாஜா பண்ணி, வண்டிக்கூண்டில் தூளி கட்டி, பல்புகளைப் பஞ்சில் சுற்றி அதில் வைத்து ஓட்டினார்கள். ஒன்றுகூட உடையவில்லை. மாமா குதித்த குதியில் மாடு மறுபடி மிரண்டது.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றை வலிக்கும் என்று எங்களை விரட்டுகிறவள் அவள். "வேற வழியே இல்லியாடா?" என்று மாமாவிடம்தான் கேட்டாள், ஆனால் பார்த்தது அத்தையை. "இருக்கட்டும் அண்ணி. துணிதானே" என்றாள் அத்தை. அம்மா உள்ளே போய், நல்ல புடவையாக ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள்.

கிளம்புகிற அன்று காலையில் மாமா ஒரு வட்டக் கூடையில் இலவம்பஞ்சைப் பரப்பி, மானையும் அன்னத்தையும் கப்பலையும் தனித்தனியே பஞ்சில் பொதிந்து, ஒன்றையொன்று முட்டாமல் இடையிடையே பழந்துணியைச் சுருட்டி வைத்தார். மண்ணூர் கூட்டுரோட்டில் பஸ் வந்து நின்றதும், லேடீஸ் சீட்டுக்கு மேலிருந்த கம்பியில் புடவையை முடிச்சுப் போட்டு, கூடையை அதற்குள் இறக்கினார். தூளி என் மடிக்கும் அத்தை மடிக்கும் மேலாகத் தொங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, கண் பட்டால் மான் போச்சு என்று என்னை மிரட்டிவிட்டு, மாமா முன்னால் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கண்டக்டர் வந்தார். தூளியைப் பார்த்தார். "இன்னாம்மா இது? மூட்ட முடிச்செல்லாம் மேல போடு" என்றார்.

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது. பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்கார அம்மாள். காலடியில் முளைக்கீரைக் கூடை, வாய் நிறைய வெற்றிலை. "உனுக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி? பச்சக் கொயந்தய மேல போடுவியாய்யா நீ? உன் வூட்ல புள்ள குட்டி கெடையாதா?"

கண்டக்டர் முகம் சுண்டிப்போயிற்று. அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூடியதுதான் தாமதம், எங்கள் கூடை குழந்தையாகிவிட்டது.

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். கண்டக்டர் முன்னால் போய் டிரைவர் காதில் என்னவோ சொன்னார். பள்ளம் கண்டால் பாய்கிற அந்த பஸ் கல்யாண ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைக்காமல் கம்பியைத் தட்டியே நிறுத்தினார். பீடி பற்றவைத்த பெரியவரை நான்கு பேர் முறைத்து அணைக்க வைத்தார்கள். முன்னால் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எந்த அதிகாரியும் கண்ணாடிச் சாமானுக்கு இவ்வளவு மரியாதை செய்திருக்க மாட்டார்.

கீரைக்கார அம்மாள் அத்தையை விடவில்லை. "எத்தினி மாசம்?" என்றாள்.

"அஞ்சு."

"ஆம்பளப் புள்ளயா?"

"பொண்ணு" என்றாள் அத்தை. "அப்படியே அவங்கப்பா மூஞ்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சொல்கிற அத்தை, கண்ணை நிமிர்த்தாமல் இப்படி அளக்கிறாளே என்று நான் அவளைக் கிள்ளினேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு கையால் தூளியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டினால் ஒன்றோடொன்று முட்டும், ஆட்டாதே என்று மாமா அவளிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் வரும்போது எருமைக்கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். நின்றிருந்தவர்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய, தூளி விர்ரென்று முன்னால் போய் சீட்டுக் கம்பியில் இடித்துத் திரும்பியது. உள்ளே ணங்கென்று சின்னதாக ஒரு சத்தம். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

எல்லோரும் அழுகைக்காகக் காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. "இம்மாங் குலுக்கலுக்கும் மூச்சு உடலியே" என்றாள் பின்னால் ஒருத்தி. "அடி கிடி பட்டுச்சா பாருங்கம்மா" என்று இன்னொருத்தி எழுந்தாள். பஸ்ஸே கழுத்தை நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. அத்தை இரண்டு கையாலும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மானுக்காகப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"கைய எடு கண்ணு, நான் பாக்கறேன்" என்று கீரைக்கார அம்மாள் குனிந்து புடவையை விலக்கினாள். பஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. வெயில் பட்டு மான் கொம்பு பளிச்சென்றது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

போச்சு, இனி அந்த வாயிலிருந்து என்னென்ன வரப்போகிறதோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தூளியை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தலையைக் குனிந்திருந்தாள். கண்ணீர் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பஞ்சைச் சரியாக ஒதுக்கி, புடவையை இழுத்து மூடினாள்.

"நல்லாத் தூங்குது" என்றாள் பஸ்ஸுக்குப் பொதுவாக. "அல்லாரும் இன்னாத்துக்கு எட்டிப் பாக்கறீங்கோ? கண்ணு பட்டுடப் போவுது." தூளியைச் சுற்றி இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடுக்கின. பஸ் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அந்த அம்மாள் அத்தை பக்கம் சாய்ந்து, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில், "பேரு இன்னா வெச்சிக்கீற?" என்று கேட்டாள்.

இதென்ன கூத்து, மானைப் பார்த்த பிறகும் பேர் கேட்கிறாளே என்று நான் திகைத்தேன். அத்தை திகைக்கவில்லை. ஒரு கணம்கூட யோசிக்காமல், "தேன்மொழி" என்றாள்.

"நல்ல பேரு" என்றாள் அந்த அம்மாள். பூந்தமல்லியில் இறங்கும்போது கீரைக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையை அத்தையின் கன்னத்தில் வைத்து எடுத்துவிட்டுப் போனாள்.

பொருட்காட்சியில் கூடையைப் பிரித்தபோது கப்பலின் உச்சியில் இருந்த கொடிக்கம்பம் மட்டும்தான் ஒடிந்திருந்தது. காற்று இல்லாத இடத்தில் கப்பலுக்குக் கொடி எதற்கு என்று மாமா அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். அதிகாரி மானை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, காலை எண்ணுகிற மாதிரி பாவனை பண்ணி, வாசலுக்கு நேர் எதிரே ஒரு மேஜையைக் காட்டினார். மாமா எனக்கு என் முகத்தைவிடப் பெரிய அப்பளம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு நீட்டியபோது பசிக்கவில்லை என்றுவிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, யாராவது மானைத் தொட வந்தால் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் புடவை மடித்து அவள் மடியில் இருந்தது. அவளுக்குப் பின் சீட்டில் மாமாவும் நானும். மாமாவுக்கு ஜெயித்த சந்தோஷம் தாங்கவில்லை. கண்டக்டர் முழித்த முழியையும் பீடிக்காரரின் பரிதாபத்தையும் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவருக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இருந்ததே, அதை எத்தனை நேரம்தான் உள்ளே வைத்திருப்பது?

"மாமா, அத்தை அந்தக் கூடைக்குப் பேருகூட வெச்சிட்டாங்க" என்றேன்.

"அடிப்பாவி, பேரா? இன்னா பேரு?" என்றார் சிரிப்போடு.

"தேன்மொழி."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முன் சீட்டில் தெரிந்த அத்தையின் கொண்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்தார். அந்தப் பெயரை அவர்கள் இரண்டு பேருமாக எந்த வருஷத்திலோ பேசி முடிவு செய்து வைத்திருப்பார்கள் என்று அப்போது எனக்கு எப்படித் தோன்றும்? பஸ் சத்தத்தில் மாமாவின் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முன் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னும் உரக்க, இன்னொரு தடவை சொன்னேன்.